இ.பி.பி.எஸ். பஃபரும் அமிலாய்டு பீட்டாவும்: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இ.பி.பி.எஸ். நெடுங்காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு வெள்ளைப் பொடி. கரைசலின் பி.எச். மாறாமல் பார்த்துக்கொள்ள வாங்கி வைக்கும் பஃபர், அவ்வளவுதான். 2015 டிசம்பரில் நிலைமை மாறியது. சியோலில் உள்ள கொரிய அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்குழு நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. அல்சைமர் மாதிரிச் சுண்டெலிகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்தபோது மூளையிலிருந்த அமிலாய்டு பீட்டா படிவுகள் குறைந்தன. (அல்சைமர் நோயில் மூளையில் திரண்டு படியும் பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு, அது.) மூளை அழற்சியும் குறைந்தது. நினைவாற்றல் சோதனைகளில் சுண்டெலிகள் தேறின. ஏற்கெனவே திரண்டுவிட்ட அமிலாய்டு பீட்டாவோடு இ.பி.பி.எஸ். ஒட்டிக்கொண்டு, அதை மீண்டும் தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிக்கிறது என்பது அவர்கள் வாதம்.

இதைப் படித்ததும், பொடிதான் அலமாரியிலேயே இருக்கிறதே, போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றும். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் மற்ற சோதனைகளில் பஃபர் பின்னணியில் கிடக்கும். இங்கே சோதிக்கப்படுவதே அதுதான். பி.எச்., உப்பின் அளவு, இ.பி.பி.எஸ். மூலக்கூறு ஆகிய மூன்றும் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே சமயத்தில் சோதனைத் தட்டின் குழிக்குள் விழுகின்றன. வரும் விளைவு இந்த மூன்றில் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் சோதனை செய்தும் பயனில்லை. கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்தப் பிரிப்புக்காகத்தான். பிப்பெட் பிடிக்கவும் மோலார் கணக்குப் போடவும் தெரிந்திருந்தால் போதும், பெப்டைடு வேலை புதிதாக இருந்தாலும் தொடரலாம்.

முதலில் பாட்டிலைப் படியுங்கள்

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நார்மன் குட்டும் அவர் குழுவும் உயிர்வேதியியலுக்கு ஏற்ற பஃபர்களின் வரிசை ஒன்றை 1966இல் வெளியிட்டார்கள். இன்று தினமும் புழங்கும் ஹெப்பீஸ் அதிலிருந்து வந்தது. இ.பி.பி.எஸ். அதே குடும்பத்தில் பின்னர் சேர்ந்தது. இரண்டிலும் இரு நைட்ரஜன் கொண்ட பிப்பரசின் வளையம் உண்டு, ஒரு முனையில் சல்ஃபோனிக் அமிலம் உண்டு. வளையத்துக்கும் சல்ஃபோனிக் அமிலத்துக்கும் நடுவே ஹெப்பீஸில் இரண்டு கார்பன், இ.பி.பி.எஸ்ஸில் மூன்று. வேறுபாடு அந்த ஒற்றைக் கார்பன்தான். ஆனால் பி.கே.ஏ. மதிப்பு (பொருளில் சரிபாதி புரோட்டானை விட்டிருக்கும் பி.எச்.) 7.5இலிருந்து 8.0க்கு ஏறிவிடுகிறது.

சில நிறுவனங்கள் இதையே எச்.இ.பி.பி.எஸ். என்ற பெயரில் விற்கின்றன. இரண்டும் ஒரே பொருள். ஆனால் எச்.இ.பி.பி.எஸ்.ஓ. என்று கடைசியில் ஓர் 'ஓ' இருந்தால் அது வேறு பொருள். பெயரை நம்பாமல் மூலக்கூறு எடையைப் பாருங்கள்: 252.33 இருக்க வேண்டும். ஹெப்பீஸ் என்றால் 238.30. எடை 274 அருகே இருந்தால் உங்கள் கையில் இருப்பது சோடியம் உப்பு வடிவம். கீழே உள்ள கணக்குகள் அதற்குப் பொருந்தாது. அமில வடிவத்தையே வாங்குங்கள் என்பேன். உள்ளே போகிற சோடியம் எவ்வளவு என்பது அப்போது முழுக்க உங்கள் கையில் இருக்கும்.

இ.பி.பி.எஸ். பஃபராக நன்றாக வேலை செய்யும் வரம்பு 7.3 முதல் 8.7 வரை. நீங்கள் வேலை செய்யப்போவதோ 7.4இல், அந்த வரம்பின் ஓரத்தில். வெறும் பஃபர் வேலைக்கு மட்டும் என்றால் 7.4இல் ஹெப்பீஸே மேல். அதனால் பி.எச். காக்கும் பொறுப்பை ஃபாஸ்ஃபேட்டிடம் விடுங்கள். இ.பி.பி.எஸ்ஸை ஒரு மருந்து மூலக்கூறைச் சேர்ப்பதுபோல் தனியாக மேலே சேர்ப்போம்.

இருப்புக் கரைசல் செய்வது

500 மில்லிமோலார் செறிவில் 100 மி.லி. செய்வோம். 12.62 கிராம் நிறுத்து எடுங்கள். 70 மி.லி. மிகத் தூய நீரில் போட்டுக் காந்தக் கலக்கியில் கலக்குங்கள், சிரமமில்லாமல் கரையும். இப்போது மீட்டரை வைத்துப் பார்த்தால் கரைசல் அமிலப் பக்கம் நிற்கும். 5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து 7.4க்குக் கொண்டுவாருங்கள். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான். அந்தச் செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் விளையாட்டல்ல.

எவ்வளவு காரம் செலவாகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை, ஆனால் இதைவிட மலிவான தரச் சோதனை கிடையாது. பி.கே.ஏ. 8.0 உள்ள பொருளை 7.4இல் நிறுத்தினால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் புரோட்டானை விட்டிருக்கும். உங்களிடம் இருப்பது 50 மில்லிமோல். அதில் ஐந்தில் ஒன்று 10 மில்லிமோல். அதற்கு வேண்டிய 5 மோலார் காரம் 2 மி.லி. தவறுதலாகப் பக்கத்து ஹெப்பீஸ் பாட்டிலை எடுத்து அதே 12.62 கிராமைப் போட்டிருந்தால் 7.4ஐத் தொட 4.5 மி.லி.க்கும் மேல் இழுக்கும். சோடியம் உப்பை எடுத்திருந்தால் கரைசல் தொடக்கத்திலேயே காரப் பக்கம் இருக்கும், அமிலம் சேர்த்துத்தான் இறக்க வேண்டிவரும். 2 மி.லி. அருகே நின்றால் பொருளும் எடையும் சரி என்று நம்பி மேலே போகலாம்.

பி.எச். சரியானதும் 100 மி.லி.க்கு நிரப்பி, இன்னொரு முறை மீட்டர் வைத்துப் பார்த்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள். இந்தக் கரைசலில் சோடியம் 100 மில்லிமோலார் இருக்கிறது என்பதை லேபிளிலேயே எழுதுங்கள். பின்னால் கட்டுப்பாட்டுக் குழி அமைக்கும்போது இந்த எண்ணைத் தேடுவீர்கள்.

வெப்பநிலையை மறந்துவிடாதீர்கள். டிரிஸ் என்ற பஃபர் அளவுக்கு இல்லாவிட்டாலும், சூடு ஏறினால் இ.பி.பி.எஸ்ஸின் பி.கே.ஏ.வும் இறங்கும். 25 டிகிரியில் 7.4 காட்டிய கரைசல் 37 டிகிரியில் 0.1 முதல் 0.2 வரை குறைவாகக் காட்டும். சோதனை 37இல் நடக்கப்போகிறது என்றால் மீட்டரின் அளவுத்திருத்தமும் இறுதி அளவீடும் 37இலேயே நடக்கட்டும்.

பாட்டிலை அலுமினியத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பிப்பரசின் வளையமுள்ள பஃபர்கள் ஆக்சிஜனேற்றச் சூழலில் தனியுறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாக்கும். ஹெப்பீஸ் கலந்த ஊடகத்தில் ரைபோஃபிளாவினும் வெளிச்சமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும் என்பது செல் வளர்ப்பவர்கள் அறிந்த விஷயம். அமிலாய்டு பீட்டாவில் எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் மெத்தியோனின் 35ஆம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது ஆக்சிஜனேற்றமடைந்தால் பெப்டைடு திரளும் விதமே மாறும். பழைய பஃபரை வைத்துக்கொண்டு பெப்டைடைக் குறை சொல்லாதீர்கள், மாதாமாதம் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

பெப்டைடைக் கையாளுவது

உண்மையில் தலைவலி ஆரம்பிப்பது இங்கேதான். அமிலாய்டு பீட்டா 42 (42 அமினோ அமிலம் கொண்ட வடிவம்) பாட்டிலில் இருக்கும்போதே ஓரளவு திரண்டிருக்கும். திரண்ட துணுக்குகள் கொஞ்சம் உள்ளே இருந்தாலும் அவை விதைபோல வேலை செய்து மற்றவற்றை இழுத்துக்கொள்ளும். திரள்தலைக் காட்டும் ஒளிர்வு வளைவு ஒரு நாள் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிட்டு, மறுநாள் பத்தே நிமிடத்தில் ஏறுவதற்கு முதல் காரணம் இதுதான்.

பழைய திரளைக் கலைக்க வழக்கமாகப் பயன்படுத்துவது எச்.எஃப்.ஐ.பி. என்ற கரைப்பான். எளிதில் ஆவியாகும், தோலையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். ஃபியூம் ஹூடுக்கு வெளியே மூடியைத் திறக்கக் கூடாது. 1 மி.கி. பெப்டைடுக்கு ஏறக்குறைய 221 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 1 மில்லிமோலார் வரும், ஏனென்றால் மூலக்கூறு எடை 4514. அறை வெப்பத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டு, புரதம் ஒட்டாத சிறுகுழாய்களில் 0.1 மி.கி. வீதம் பிரித்து, இரவு முழுக்க ஹூடுக்குள் ஆவியாகவிட்டு, மிச்சத்தை வெற்றிடத்தில் உலர்த்துங்கள். குழாயின் அடியில் கண்ணாடிபோன்ற மெல்லிய படலம் இருக்கும். வெள்ளையாகப் பொரிந்து தெரிந்தால் சரியாகக் கரையவில்லை. படலத்தை மைனஸ் 80 டிகிரியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் அளவு வெளியேற்ற நிறப்பகுப்பு வசதி உங்கள் ஆய்வகத்தில் இருந்தால் அதையும் செய்து ஒற்றை மூலக்கூறுகளை மட்டும் பிரித்தெடுங்கள். எச்.எஃப்.ஐ.பி. மட்டும் போதும் என்று சொல்பவர்களும் உண்டு, ஆனால் ஒரே சோதனை ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி வரவேண்டுமானால் நிறப்பகுப்புக்கு மாற்று இல்லை என்பது என் கருத்து.

சோதனை நாளன்று 0.1 மி.கி. படலத்தை 4.4 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தால் 5 மில்லிமோலார். அதைப் பனிக்கட்டியில் குளிர்ந்த நீரில் 400 மடங்கு நீர்த்தால் 12.5 மைக்ரோமோலார், அளவில் ஏறக்குறைய 1.77 மி.லி. பாட்டிலில் எழுதியிருக்கும் எடையில் உப்பும் ஈரமும் கலந்திருப்பதால் செறிவை அளந்துகொள்வது நல்லது. 280 நானோமீட்டரில் உறிஞ்சலைப் பாருங்கள். இந்தப் பெப்டைடில் ஒரேயொரு டைரோசின் இருப்பதால் மோலார் உறிஞ்சல் குணகம் 1490. எண் மிகச் சிறியதாக வரும் என்பதால் டி.எம்.எஸ்.ஓ. கலந்த நீரை வெற்று அளவாக வைத்துக் கழிப்பது கட்டாயம். தயோஃபிளாவினைச் சேர்த்த பிறகு இதை அளக்கவே முடியாது.

தட்டில் வைக்கும் முன் ஓர் ஒத்திகை

தயோஃபிளாவின் டி என்ற சாயம் அமிலாய்டு நார்களில் ஒட்டினால் ஒளிரும். 440 நானோமீட்டரில் தூண்டி 480 முதல் 485 வரை படிப்பார்கள். ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டர் என்று வைத்து நான் பரிந்துரைக்கும் கலவை இது. 200 மில்லிமோலார் ஃபாஸ்ஃபேட் 10, 200 மைக்ரோமோலார் தயோஃபிளாவின் 10, இ.பி.பி.எஸ். இருப்புக் கரைசலோ அதற்கான கட்டுப்பாட்டுக் கரைசலோ 10, நீர் 30, கடைசியாகப் பனிக்கட்டியிலிருந்து பெப்டைடு 40. இறுதியில் ஃபாஸ்ஃபேட் 20 மில்லிமோலார், சாயம் 20 மைக்ரோமோலார், இ.பி.பி.எஸ். 50 மில்லிமோலார், பெப்டைடு 5 மைக்ரோமோலார், டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதம். ஒரு படலத்தில் நாற்பது குழிகளுக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும்.

பெப்டைடைத் தொடுவதற்கு முதல் நாளே, பெப்டைடுக்குப் பதில் டி.எம்.எஸ்.ஓ. கலந்த நீரைப் போட்டு இதே விகிதத்தில் ஒவ்வொரு கலவையையும் 10 மி.லி. செய்யுங்கள். 37 டிகிரிக்குச் சூடாக்கி பி.எச். அளந்து பாருங்கள். செறிந்த ஃபாஸ்ஃபேட்டை நீர்த்தால் பி.எச். மேலே நகரும், இ.பி.பி.எஸ். சேர்ந்தால் வேறு மாதிரி நகரும். எல்லாக் கலவைகளும் ஒன்றுக்கொன்று 0.05க்குள் நிற்கும்வரை ஃபாஸ்ஃபேட்டையோ இருப்புக் கரைசலையோ திருத்துங்கள்.

இது அதிகப்படியான கெடுபிடி என்று நினைத்தால் இந்தக் கணக்கைப் பாருங்கள். காரம் சேர்க்காத அமில வடிவ இ.பி.பி.எஸ்ஸை 50 மில்லிமோலார் அளவில் நேரடியாக, 7.4இல் இருக்கும் 20 மில்லிமோலார் ஃபாஸ்ஃபேட்டில் போட்டால் குழியின் பி.எச். ஏறக்குறைய 7.0க்கு இறங்கும். 100 மில்லிமோலார் போட்டால் 6.8. அமிலாய்டு பீட்டா 7.4இல் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கிறது; அந்த மின்னேற்றமே மூலக்கூறுகளை ஓரளவு விலக்கி வைக்கிறது. 5.5 அருகே மின்னேற்றம் சமமாகிப் பெப்டைடு கொத்துக் கொத்தாகத் திரளும். பி.எச். இறங்க இறங்கத் திரள்தல் வேகமெடுக்கும், அந்தத் திரளும் சாயம் நன்றாக ஒட்டாத ஒழுங்கற்ற கட்டியாக இருக்கலாம். அப்போது ஒளிர்வு குறைந்தால் இ.பி.பி.எஸ். தடுத்துவிட்டது என்று எழுதிவிடுவீர்கள். குழிக்குள் நடந்திருப்பதோ அதற்கு நேர் எதிரானது.

கட்டுப்பாட்டுக் குழிகள்

ஒரு தட்டில் இ.பி.பி.எஸ். உள்ள குழி, இல்லாத குழி என்று இரண்டு வரிசை மட்டும் இருந்தால் அந்தத் தரவை யாரிடமும் காட்டாதீர்கள். குறைந்தது இவை வேண்டும்.

உப்புச் சமன். 50 மில்லிமோலார் இ.பி.பி.எஸ்ஸோடு 10 மில்லிமோலார் சோடியமும் உள்ளே வருகிறது. எனவே இ.பி.பி.எஸ். இல்லாத குழியில் 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு இருக்க வேண்டும். உப்பு மட்டுமே அமிலாய்டு பீட்டா திரளும் வேகத்தை மாற்றிவிடும்.

ஹெப்பீஸ். அதே 50 மில்லிமோலார், அதே பி.எச். ஒற்றைக் கார்பன் குறைந்த இந்த உறவினர் இதே விளைவைக் காட்டினால் விளைவு இ.பி.பி.எஸ்ஸுக்கு மட்டும் உரியதல்ல. ஒன்று கவனிக்க வேண்டும்: 7.4இல் ஹெப்பீஸ் கூடுதலாகப் புரோட்டான் விடுவதால் 50 மில்லிமோலாருடன் ஏறக்குறைய 22 மில்லிமோலார் சோடியம் வரும். ஹெப்பீஸ் குழிகளோடு ஒப்பிடும்போது இ.பி.பி.எஸ். குழியில் 12, வெற்றுக் குழியில் 22 மில்லிமோலார் சோடியம் குளோரைடு வருமாறு பார்த்துக்கொண்டால் மூன்றும் சமமாகிவிடும்.

சாயம் மட்டும், சாயமும் இ.பி.பி.எஸ்ஸும் மட்டும். பெப்டைடு இல்லாமல் ஏதாவது ஒளிர்கிறதா என்று பார்க்க.

கடைசிச் சேர்ப்பு. நார்கள் முழுவதும் உருவாகி வளைவு மட்டமான பிறகு, சில குழிகளில் இ.பி.பி.எஸ்ஸைச் சேர்த்த உடனே படியுங்கள். ஒளிர்வு அந்த நொடியிலேயே விழுந்தால் அது நார்கள் கரைந்ததால் இருக்க முடியாது. சாயம் நாரில் ஒட்டுவதை இ.பி.பி.எஸ். கெடுக்கிறது அல்லது ஒளிர்வையே மங்கவைக்கிறது என்று பொருள். மெதுவாக, மணிக்கணக்கில் இறங்கினால்தான் பேச ஏதோ இருக்கிறது. 10 மைக்ரோலிட்டர் சேர்ப்பதாலேயே கரைசல் நீர்த்துவிடும் என்பதால், ஒப்பீட்டுக் குழிகளிலும் அதே 10 மைக்ரோலிட்டர் உப்புச் சமன் கரைசலைச் சேருங்கள்.

தெரிந்த தடுப்பான் ஒன்றையும் வைக்கச் சொல்வார்கள். பச்சைத் தேயிலையின் ஈ.ஜி.சி.ஜி.தான் பலரின் தேர்வு. வைக்கலாம், ஆனால் அதுவே சாயத்தோடு மல்லுக்கு நிற்கும் மூலக்கூறு. சாயத்தை மட்டும் பார்த்து அது வேலை செய்துவிட்டது என்று மகிழ வேண்டாம்.

தட்டு, பிளேட் ரீடர், வளைவு

புரதம் ஒட்டாத பூச்சுள்ள, பாதிப் பரப்பு 96 குழித் தட்டு நல்லது. சுவர் கறுப்பாகவும் அடி தெளிவாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு கலவைக்கும் மூன்று குழிகளாவது வையுங்கள். அவற்றை ஒரே மூலையில் அடுக்காமல் தட்டு முழுக்கப் பரப்புங்கள். ஓரக் குழிகள் சீக்கிரம் ஆவியாகும், அவற்றில் நீர் மட்டும் ஊற்றிவிடுங்கள். பெப்டைடு சேர்த்ததும் ஒட்டுத் தாளால் மூடி, 37 டிகிரிக்கு முன்பே சூடாகியிருக்கும் ரீடரில் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை படிக்கவிடுங்கள். குலுக்கும் வசதியை இயக்குவதா வேண்டாமா என்பதை முதலிலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். குலுக்கினால் நார்கள் உடைந்து புது முனைகள் உருவாகும், எல்லாமே வேகமெடுக்கும்.

வளைவு நெளிந்த எஸ் வடிவில் வர வேண்டும்: முதலில் ஒன்றும் நடக்காததுபோல் ஒரு தயக்கக் காலம், பிறகு செங்குத்தான ஏற்றம், பிறகு மட்டம். தயக்கக் காலமே இல்லாமல் தொடக்கத்திலிருந்தே ஏறினால் பெப்டைடில் விதைகள் இருந்திருக்கின்றன. அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள். நன்றாக வந்த வளைவில் பாதி உயரத்தை எட்டும் நேரத்தையும் மட்டத்தின் உயரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். நேரம் நீண்டால் திரள்தல் தாமதமாகியிருக்கிறது. நேரம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் குறைந்தால் சாயத்தின் சேட்டையாக இருக்கலாம்.

இதுவரை சொன்னது தடுக்கும் சோதனை. கொரியக் குழுவின் முக்கிய வாதம் கலைக்கும் வேலையைப் பற்றியது, அது வேறு சோதனை. 25 மைக்ரோமோலார் பெப்டைடை 37 டிகிரியில் அசைக்காமல் விட்டு, மட்டமாகிவிட்டதை உறுதிசெய்தபின் இ.பி.பி.எஸ். சேர்த்துப் பல நாட்கள் தொடர வேண்டும். நேரம் குறைவாக உள்ள மாணவர்கள் தடுக்கும் சோதனையை மட்டும் செய்துவிட்டுக் கலைக்கிறது என்று எழுதிவிடுவதுண்டு. இரண்டும் ஒன்றல்ல.

ஒளிர்வு குறைந்தால் நார் எங்கே போனது?

சாயம் நார்களை மட்டுமே பார்க்கும். நார் குறைந்தால் அது ஒற்றை மூலக்கூறாகவும் மாறியிருக்கலாம், சில மூலக்கூறுகள் சேர்ந்த ஒலிகோமர்களாகவும் உடைந்திருக்கலாம். நரம்பு செல்லுக்கு நாரைவிட ஒலிகோமர்தான் கூடுதல் நச்சு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒளிர்வைக் குறைத்துவிட்டு ஒலிகோமரைப் பெருக்கும் ஒரு பொருள் யாருக்கும் வேண்டாம். அதனால் இரண்டாவது சான்று இல்லாமல் கலைந்தது என்று எழுதக் கூடாது.

எளிய முதல் வழி, அதிவேகச் சுழற்சியில் திரளைக் கீழே இறக்கி, மேலே நிற்கும் தெளிவான கரைசலில் எவ்வளவு பெப்டைடு இருக்கிறது என்று அளப்பது. புரதத்தை அளக்கும் லோரி முறையை இங்கே பயன்படுத்தாதீர்கள், அதிலுள்ள ஃபோலின் வினைப்பொருளோடு இ.பி.பி.எஸ். குறுக்கிடும். மேல் கரைசலில் ஒலிகோமரும் மிதக்கும் என்பதால் இதோடு நிறுத்தவும் முடியாது.

அளவு வாரியாகப் பிரிக்க ஜெல் ஓட்டலாம், ஆனால் ஜெல்லில் சேர்க்கும் எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருள் அமிலாய்டு பீட்டாவின் சிறு திரள்களைத் தானே உருவாக்கவும் கலைக்கவும் செய்யும். எனவே ஜெல்லுக்கு முன் ஒளியால் குறுக்குப் பிணைப்பு இட்டுவிடுவார்கள். அது தனியுறுப்பு வழியாக நடக்கும் வினை. பிப்பரசின் பஃபர் அதில் தலையிடக்கூடும் என்பதால், பிணைப்பதற்குச் சற்று முன் இ.பி.பி.எஸ். சேர்த்த மாதிரி ஒன்றையும் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கண்ணால் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி. யுரேனைல் அசிட்டேட் சாயத்தோடு ஃபாஸ்ஃபேட் சேர்ந்தால் கருந்துகள்களாக வீழ்படிவாகும், புதியவர்கள் அதைத்தான் ஒலிகோமர் என்று வட்டமிடுவார்கள். மாதிரியை வலையில் வைத்தபின் இரண்டு சொட்டு நீரால் கழுவிவிட்டுச் சாயம் போடுங்கள். படம் எடுக்கும்போது எந்த வலை எந்த மாதிரி என்று தெரியாதபடி இன்னொருவரைக் குறியிடச் சொல்லுங்கள்.

தட்டிலிருந்து சுண்டெலிக்கு

விலங்குச் சோதனை உங்கள் வேலையாக இல்லாமல் போகலாம், ஆனாலும் எண்களின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 30 கிராம் சுண்டெலிக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 30 மி.கி. வீதம் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 0.9 மி.கி. அது ஒரு நாளில் 4.5 மி.லி. நீர் குடித்தால், நீரில் இருக்க வேண்டியது 1 மி.லி.க்கு 0.2 மி.கி., அதாவது 0.8 மில்லிமோலார். நீங்கள் தட்டில் போட்டது 50. குடித்ததில் மூளைவரை போய்ச் சேருவது அந்த 0.8ஐவிடவும் குறைவாகத்தான் இருக்கும். தட்டில் மில்லிமோலார் அளவில் மட்டும் தெரியும் விளைவை வைத்துச் சுண்டெலி மூளையில் நடந்ததை விளக்கப் புறப்பட்டால், நடுவே இருக்கும் இந்த இடைவெளியை முதலில் அடைக்க வேண்டும். முடிந்தால் தட்டுச் சோதனையிலேயே 0.1, 1, 10, 50 என்று செறிவை இறக்கிப் பாருங்கள். உப்புச் சமன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.

அந்த ஆய்வில் பயன்பட்ட சுண்டெலிகள், மனித அமிலாய்டு மரபணுவையும் பிரசெனிலின் மரபணுவையும் பிறழ்வுகளோடு சுமப்பவை. அவற்றுக்குப் படிவுகள் ஏராளமாக வரும். மனித அல்சைமரில் காணும் டாவ் என்ற புரதத்தின் முடிச்சுகள் அவற்றில் வருவதில்லை, நரம்பு செல்கள் மடிவதும் மிகக் குறைவு. இதே சல்ஃபோனிக் அமில வகையைச் சேர்ந்த டிராமிப்ரோசேட் என்ற சிறு மூலக்கூறும் சுண்டெலிகளில் நம்பிக்கை தந்ததுதான். 2007இல் மூன்றாம் கட்ட மனிதச் சோதனையில் அது எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை.

இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்று தெரிந்ததும், வீட்டில் மறதி நோயாளி இருக்கும் யாராவது அந்தப் பொடி கொஞ்சம் கிடைக்குமா, தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா என்று உங்களிடம் கேட்கக்கூடும். கொடுக்கக் கூடாது. ஆய்வகத் தரப் பொடி மனிதர் உட்கொள்வதற்காகத் தயாரிக்கப்படுவதில்லை, அதில் என்னென்ன மாசு எவ்வளவு இருக்கலாம் என்பதை மருந்துக்குச் சோதிப்பதுபோல் யாரும் சோதிப்பதில்லை. அமிலாய்டைக் குறிவைக்கும் சிகிச்சை பற்றி அவர்கள் அறிய விரும்பினால், அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023இல் லெக்கானெமாப், 2024இல் டொனானெமாப் ஆகிய நோயெதிர்ப்புப் புரதங்களுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது என்று சொல்லலாம். அவை நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமானவை. பெரும்பாலும் இரத்த நாளம் வழியே செலுத்தப்படுபவை, மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே தர வேண்டியவை. அவர்கள் வீட்டு நோயாளிக்கு அது பொருந்துமா என்பதை நரம்பியல் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.